ஆர்ச் கேட்டுக்கு வெளியே ஓர் ஆறு

நெய்வேலி நகரியத்தில் குடியிருப்பவர்களுக்கும், குடியிருந்து ஓய்வுபெற்றுப் போனவர்களுக்கும் ஒரு திறந்த மடல்



நம் வீடுகளிலிருந்தே தொடங்குகிறேன். நகரியத்து வீட்டின் பின்புறம் ஒரு தகரக் கொட்டகை போட வேண்டுமென்றால் நகர நிர்வாகத்தில் எழுதிக் கேட்க வேண்டும். வாசலில் நிற்கும் வேப்பமரம் நாமே தண்ணீர் ஊற்றி வளர்த்ததாக இருந்தாலும் இஷ்டத்துக்கு வெட்டிவிட முடியாது. வேலிக்கும் சாலைக்கும் நடுவே விட வேண்டிய இடத்தை விட்டே ஆக வேண்டும். முணுமுணுத்துக்கொண்டேதான் இதற்கெல்லாம் கட்டுப்பட்டோம். இன்று சித்திரை வெயிலில் வெளியூர்ச் சொந்தக்காரர்கள் வந்திறங்கி, நம் குடியிருப்பு வட்டங்களின் நிழலைப் பார்த்து "கொடுத்து வைத்தவர்கள்" என்கிறார்கள். அந்த நிழலை நமக்குக் கொடுத்தவை அந்த விதிகள்தாம்.

நகரியத்தின் நுழைவாயிலான ஆர்ச் கேட்டைத் தாண்டிப் போனால், இரண்டாம் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆறு இருக்கிறது. பரவனாறு. நம்மில் பலர் அதைப் பார்த்திருக்க மாட்டோம். சேத்தியாத்தோப்புச் சாலையில் பேருந்து போகும்போது ஒரு பாலம், கீழே கொஞ்சம் சாம்பல் நிறத் தண்ணீர், அவ்வளவுதான். ஆனால் இந்த மேட்டு நிலத்தில் பெய்யும் மழையைச் சேர்த்து, வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் கொடுத்து, மிச்சத்தைக் கடலூர் முதுநகர்ப் பக்கம் கடலில் சேர்ப்பது அந்த ஆறுதான். நம் வேலிக்கு இருக்கும் விதி அதன் கரைக்கு இல்லை. இந்த மடலை எழுதுவது அதற்காகத்தான்.

என் அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். நான் படித்ததும் வளர்ந்ததும் பழுப்பு நிலக்கரி கொடுத்த சம்பளத்தில். அதை மறந்துவிட்டு ஒரு வரியும் எழுத மாட்டேன். என் அம்மாவின் ஊர் வாலாஜா ஏரிக்குக் கீழே. கோடை விடுமுறைக்குப் போனால் தாத்தாவோடு வயலுக்குப் போவேன். வயல் முடியும் இடத்திலிருந்து ஆற்றுக்கரை வரை ஒரு பட்டை நிலம் உழாமல் கிடக்கும். நாணலும் தாழையும் நாலைந்து பனையும் நிற்கும். மாடு மேயும். "இவ்வளவு இடம் சும்மா கிடக்கே தாத்தா" என்று ஒருமுறை கேட்டேன். "அங்க ஏரு ஓட்டக்கூடாதுடா, ஐப்பசியில தண்ணி வந்து கேக்கும்" என்றார். அவர் பள்ளிக்கூடம் போனவரில்லை. வாய்மொழியாகவே ஊர் ஒரு விதி வைத்திருந்தது. அவர் அதைக் காப்பாற்றினார்.

கரை நிலம் செய்யும் வேலையைச் சுரங்கத்தில் இருக்கும் நம் பொறியாளர்கள் என்னைவிட நன்றாக அறிவார்கள். நம்முடையது செம்மண்ணும் மணற்கல்லும் கலந்த மேடு. பெருமழை பெய்தால் ஓடைகள் கத்தியால் கீறியதுபோல் மண்ணை அறுத்துக்கொண்டு ஓடும். கரையில் புல்லும் வேரும் இருந்தால் வேகம் தணியும், வண்டல் அங்கேயே படியும், தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கும். அப்படி இந்த மணற்கல்லில் இறங்கிய மழைதான் நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நின்றது. ஒரு காலத்தில் இந்தப் பகுதியில் குழாய் இறக்கினால் பம்பு இல்லாமலேயே தண்ணீர் பொங்கும் என்று மூத்தவர்கள் சொல்வார்கள். சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு அந்த நீர் மேலே வந்துவிடாமல் இருக்க, தொடக்க நாளிலிருந்து இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருக்கிறோம். கீழிருந்து எடுப்பதை நிறுத்த முடியாது. அப்படியிருக்க, மேலிருந்து இறங்கும் வழியையாவது திறந்து வைக்க வேண்டாமா?

2023 ஜூலை 26 உங்களுக்கு நினைவிருக்கும். வளையமாதேவியில் கதிர் வரும் பருவத்து நெல் வயலில் பொக்லைன்கள் இறங்கின. பரவனாற்றை நிரந்தரமாக வேறு தடத்துக்கு மாற்றும் வேலை அது. மொத்தம் 12 கிலோமீட்டர், அதில் 10.5 கிலோமீட்டர் ஏற்கெனவே முடிந்திருந்தது, மிச்சம் 1.5 கிலோமீட்டர். நிலங்கள் 2006 முதல் 2013 வரை கையகப்படுத்தப்பட்டு இழப்பீடும் கொடுக்கப்பட்டவை என்றும், 100 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பகுதியின் மழைநீர் வடியவும் இரண்டாம் சுரங்கம் பாதுகாப்பாக இருக்கவும் இந்த மாற்றம் தேவை என்றும் சுரங்கத்தை நடத்தும் நிறுவனம் சொன்னது. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி தண்டபாணி, இத்தனை ஆண்டு பொறுத்தவர்கள் அறுவடை வரை இரண்டு மாதம் பொறுத்திருக்கக் கூடாதா என்று கேட்டார். அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கச் சொன்னார். வடலூர் நமக்குக் கூப்பிடு தூரம். வாடும் பயிருக்காக மனம் வாடிய வள்ளலாரின் ஊர்ப்பக்கம் இப்படி நடந்ததே என்று அந்த வாரம் நகரியத்துத் தேநீர்க் கடைகளிலும் பேச்சாக இருந்தது.

பயிரைப் பற்றிப் பேசினார்கள். நிலத்தின் விலை, வேலை வாய்ப்பு, மறுகுடியமர்வு எல்லாம் பேசினார்கள். பேச வேண்டியவைதான். பேசப்படாமல் போனது ஒன்று உண்டு. ஆற்றை மாற்றினோம், அதன் கரையையும் கூடவே மாற்றி வைத்தோமா?

பழைய ஆற்றுக்குக் கிராமப் பதிவேட்டில் ஒரு பெயர் இருந்தது: ஆற்றுப் புறம்போக்கு. புலப்படத்தில் அதன் எல்லை வளைந்து வளைந்து போகும். ஒருவர் அதற்குள் குடிசை போட்டால் கிராம நிர்வாக அலுவலர் வந்து கேட்கலாம். புதிய தடம் தோண்டப்பட்டிருப்பது பட்டா நிலமாக இருந்து கையகப்படுத்தப்பட்ட மண்ணில். அந்த மண் 'அ' பதிவேட்டில் ஆறு என்றே ஏற வேண்டும், கரையோடு சேர்த்து ஏற வேண்டும். இல்லையென்றால் சட்டத்தின் கண்ணுக்கு அது ஒரு வாய்க்கால்கூட இல்லை, வெறும் பள்ளம்.

சட்டமே இல்லையா என்று கேட்பீர்கள். நிறைய இருக்கிறது. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நீர்வழியையோ நீர்நிலையையோ ஒட்டி 15 மீட்டருக்குள் எதையாவது கட்ட வேண்டுமென்றால் அதிகாரி மறுக்கலாம், நிபந்தனை போடலாம். நீங்கள் இந்திரா நகரிலோ வடக்குத்திலோ மனை வாங்கியிருந்தால் இந்த விதி உங்களுக்குப் பழக்கமாக இருக்கும். இது வீடு கட்டுகிறவரைப் பிடிக்கும் விதி. ஆற்றையே எடுத்து வேறு இடத்தில் வைக்கும் திட்டத்துக்கு இது எட்டாது.

அடுத்தது, ஒன்றிய அரசின் ஈரநிலங்கள் பாதுகாப்பு விதிகள் 2017. இது வலுவான விதி. அறிவிக்கப்பட்ட ஈரநிலத்தில் தொழிற்சாலை கூடாது, கழிவு கொட்டக்கூடாது, பத்தாண்டு சராசரி வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள், படகுத்துறை தவிர, நிரந்தரக் கட்டுமானம் எதுவும் கூடாது. படிக்க நிம்மதியாக இருக்கும். அப்புறம் 'ஈரநிலம்' என்ற சொல்லுக்கு அதே விதிகள் கொடுக்கும் விளக்கத்தைப் படித்தால் அந்த நிம்மதி போய்விடும். ஆறு ஓடும் தடம் ஈரநிலம் ஆகாது. நெல் வயல் ஆகாது. குடிநீருக்காகவும் பாசனத்துக்காகவும் மனிதர் வெட்டிய ஏரிகள் ஆகாது. பரவனாறு, வளையமாதேவி வயல், வாலாஜா ஏரி, பெருமாள் ஏரி மூன்று வகையிலும் வெளியே நிற்கின்றன. தமிழ்நாட்டில் ஏரி என்றாலே பெரும்பாலும் நம் முன்னோர் பாசனத்துக்கு வெட்டியதுதான். அவர்கள் வெட்டினார்கள் என்பதையே காரணமாக வைத்துப் பாதுகாப்பை மறுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 1971-இல் ஈரானின் ராம்சார் நகரில் எழுதப்பட்ட உலக உடன்படிக்கை, இயற்கையாக அமைந்தாலும் செயற்கையாக அமைத்தாலும் ஈரநிலம் ஈரநிலமே என்கிறது. வேடந்தாங்கலும் கரிக்கிலியும் பாசன ஏரிகள்தாம். பறவைகளால் சரணாலயமாகி, 2022-இல் ராம்சார் பட்டியலில் ஏறின. நம் மாவட்டத்துப் பிச்சாவரமும் அதே ஆண்டு ஏறியது. மனம் இருந்தால் இடம் இருக்கிறது.

ஏரிகளுக்கென்று நம் மாநிலத்தில் தனிச் சட்டமே உண்டு. 2005-இல் சென்னை உயர் நீதிமன்றம் எல்.கிருஷ்ணன் வழக்கில் கொடுத்த தீர்ப்பை ஒட்டி, 2007-இல் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் வந்தது. ஏரியை அளந்து, எல்லைக்கல் நட்டு, உள்ளே இருப்பவரை வெளியேற்றும் சட்டம். ஏழைகளின் குடிசைகளை அகற்றும்போது இதன் பெயரை அடிக்கடி கேட்கிறோம். அந்த ஏரிக்கு வரும் வரத்து வாய்க்காலிலும் ஓடையிலும் சுரங்கம் தோண்டிக் கொட்டிய மண்மேடு சரிந்து விழும்போது இதன் பெயரை எவரும் சொல்லக் கேட்டதில்லை.

2020 பிப்ரவரியில் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. நம் மாவட்டத்தில் காட்டுமன்னார்கோயில், மேல்புவனகிரி, கீரப்பாளையம், பரங்கிப்பேட்டை, குமராட்சி ஆகிய ஐந்து ஒன்றியங்கள் அதில் உண்டு. சுரங்கத்தை ஒட்டிய கம்மாபுரமும் குறிஞ்சிப்பாடியும் இல்லை. ஏற்கெனவே நடந்துவரும் பணிகளை அது தொடவும் தொடாது. ஆனாலும் அந்தச் சட்டத்தின் பலனை ஒருமுறை பார்த்தோம். 2023 ஏப்ரலில் சேத்தியாத்தோப்பு கிழக்கு, மைக்கேல்பட்டி, வடசேரி நிலக்கரிப் பகுதிகள் ஏலப் பட்டியலில் வந்தபோது, இவற்றில் பாதுகாக்கப்பட்ட மண்டலத்து நிலமும் இருக்கிறது என்று மாநிலம் எழுந்து நின்றது. ஒன்றிய அரசு மூன்றையும் விலக்கிக்கொண்டது. எழுதி வைத்த விதி இருந்ததால் எடுத்துக் காட்ட முடிந்தது. அதே ஏப்ரலில்தான் சட்டமன்றத்தில் நில ஒருங்கிணைப்புச் சட்டமும் நிறைவேறியது. 100 ஹெக்டேருக்குக் குறையாத சிறப்புத் திட்டங்களுக்கு, நடுவே ஓடையோ ஏரியோ இருந்தாலும் நிலத்தை ஒன்றாகச் சேர்த்துக் கொடுக்க வழி செய்கிற சட்டம். ஒரு கையில் எடுத்ததை மறு கையில் விட்ட மாதம் அது.

வெளிநாட்டுக் கதை ஒன்றும் சொல்ல வேண்டும். நம் சுரங்கங்களின் பக்கெட் வீல் இயந்திரங்கள் பிறந்த நாடான ஜெர்மனியில், ரைன்லாந்துப் பக்கம், இன்டன் என்ற பழுப்பு நிலக்கரிச் சுரங்கம் இருக்கிறது. அதன் குறுக்கே இண்டே என்ற சிற்றாறு ஓடியது. 2005-இல் அதை எடுத்து, சுமார் 12 கிலோமீட்டர் நீளத்துக்குப் புதிய தடத்தில் விட்டார்கள். நம்முடைய அளவேதான். ஆனால் அவர்கள் நேர்கோடாக வெட்டவில்லை. ஆறு வளைய இடம் விட்டார்கள், வெள்ளம் பரவத் தாழ்ந்த படுகை விட்டார்கள், கரையில் மரம் வளர விட்டார்கள். அப்படியும் 2021 ஜூலை 15 அன்று பெருமழையில் இண்டே கரையை உடைத்துக்கொண்டு, தன் பழைய வழியைத் தேடிப் போய்ச் சுரங்கத்துக்குள் விழுந்தது. தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். ஆறு பதினாறு ஆண்டுகளுக்குப் பின்னும் தன் பாதையை மறக்கவில்லை. தாராளமாக இடம் விட்ட ஊரிலேயே இப்படியென்றால், இடம் விடாத ஊரில் சுரங்கத்தின் அடிமட்டத்தில் இரவு ஷிப்டில் நிற்பவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். அவர் நம் வீட்டுப் பிள்ளை.

நமக்கும் ஒரு மழை வந்தது. 2015 நவம்பர் 9. ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. நகரியத்துச் சாலைகளில் முழங்கால் தண்ணீர், மறுநாள் வடிந்துவிட்டது. நமக்கு வடிந்த தண்ணீர் எங்கோ போகத்தானே வேண்டும்? விசூரிலும் பெரியகாட்டுப்பாளையத்திலும் ஓடைகள் கரையை அறுத்து, வீடுகளோடு மனிதர்களையும் அடித்துக்கொண்டு போயின. வயல்களில் ஆள் உயரத்துக்கு மணல். கடலூர் மாவட்டம் ஒரு வடிகால் மாவட்டம் என்று பள்ளியில் படித்திருப்போம். தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, கொள்ளிடம் எல்லாம் இங்கேதான் கடலைச் சேர்கின்றன. மேட்டில் இருக்கும் நாம் மழையைப் பார்த்து ஜன்னலைச் சாத்துவோம். பள்ளத்தில் இருப்பவர்கள் மழையைக் கேட்டதும் மூட்டை கட்டுவார்கள்.

நியாயமாகப் பேச வேண்டுமென்றால் இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். சுரங்கத்திலிருந்து இறைக்கும் தண்ணீர் வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் போய்க் கோடையிலும் நெல் விளைவிக்கிறது. என் மாமன்மார் அந்தத் தண்ணீரில்தான் இன்றும் பயிர் செய்கிறார்கள். மண் தூர்ந்து கிடந்த வாலாஜா ஏரியை நிறுவனத்தின் செலவிலேயே தூர்வாரியும் கொடுத்தார்கள். நல்ல காரியம். ஆனால் மண்மேட்டிலிருந்து மழை கரைத்து வந்த வண்டல் ஏரியை அடைவதற்கு முன்பே ஓடைக்கரைப் புல்லில் தங்கியிருந்தால், அத்தனை செலவு தேவைப்பட்டிருக்காது. பெருமாள் ஏரியும் வண்டலால்தான் ஆழம் குறைந்தது.

ஆகவே நான் கேட்பது பெரிய காரியமில்லை. சுரங்கத்தை மூடச் சொல்லவில்லை. பரவனாற்றின் புதிய தடத்துக்கு இருபுறமும் 50 மீட்டர் கரை வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 12 கிலோமீட்டருக்கு இரு கரையும் சேர்த்து 120 ஹெக்டேர், ஏறக்குறைய 300 ஏக்கர். மூன்று சுரங்கங்களுக்கு இந்த மண் கொடுத்த நிலத்தோடு வைத்துப் பார்த்தால் இது ஒரு மூலை. அந்த 50 மீட்டரை ஏற்கெனவே கையகப்படுத்திய நிலத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். இரண்டு ஏக்கர் வைத்திருப்பவரின் வயலில் கயிறு பிடிக்கக் கூடாது. அவர் நிலம் கரையை ஒட்டி வந்தால், அவர் பயிர் செய்யட்டும். குழி வெட்டாமல், கட்டடம் எழுப்பாமல் இருந்தால் போதும். அதற்கும் ஆண்டுக்கு ஒரு தொகை கொடுக்கலாம். கரைக்கு வெளியே மண்மேட்டின் அடிவாரத்தில் வண்டல் தங்கும் குட்டைகள் வேண்டும். கரையில் பனை, புங்கன், நீர்மருது, தாழை, வெட்டிவேர். வெட்டிவேர் நம் மாவட்டத்து மணலில் விளையும் பயிர். மண்ணைப் பிடிக்கும், விலையும் போகும். எல்லாவற்றுக்கும் மேலாக, புதிய தடமும் அதன் கரையும் பதிவேட்டில் ஆறு என்று ஏற வேண்டும்.

இதை யார் கேட்பது? ஆற்றோரத்து ஊர்கள் கிராம சபையில் தீர்மானம் போடலாம். ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறார்கள். மார்ச் 22 தண்ணீர் தினமே கிராம சபை நாள். ஆனால் நிலம் கொடுத்த ஊர்க்காரர் கேட்டால், "இன்னும் பணம் வேண்டும் என்பதற்காகப் பேசுகிறார்" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். நானே அப்படிச் சிலர் பேசக் கேட்டிருக்கிறேன், நம் வட்டத்துப் பூங்காவிலேயே. நகரியத்துக்குக் கிராம சபை கிடையாது. அதற்குப் பதிலாக நம்மிடம் தொழிற்சங்கங்கள் இருக்கின்றன, பொறியாளர் சங்கங்கள் இருக்கின்றன, ஓய்வுபெற்றோர் சங்கங்கள் இருக்கின்றன. ஊதிய ஒப்பந்தத்துக்குப் பக்கம் பக்கமாகக் கோரிக்கை எழுதத் தெரிந்தவர்கள் நாம். நாம் கேட்டால் அதில் பணத்தாசை இருக்கிறது என்று எவரும் சொல்ல முடியாது. ஓய்வுபெற்ற நில அளவையாளர்களும் சுரங்க நீர்க்கட்டுப்பாட்டில் முப்பது ஆண்டு இருந்தவர்களும் நம் தெருக்களில் காலை நடை போகிறார்கள். அவர்கள் ஒரு நாள் அந்தக் கரையில் நடந்து பார்த்து, எங்கே அகலம் போதும், எங்கே போதாது என்று ஒரு படம் வரைந்து கொடுத்தால், அதை எந்த அதிகாரியாலும் லேசில் தள்ளிவிட முடியாது.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். அதற்கு முன் மனுவைக் கொடுத்துவிட நினைக்கிறேன். கடலூர் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமைதோறும் மக்கள் குறைதீர் கூட்டம் நடக்கிறது. நம் பேருந்து நிலையத்திலிருந்து நாற்பது கிலோமீட்டர் தூரம்தான். தனியாகப் போனால் ஒரு மனு. நகரியமே திரண்டு போனால் அது ஊரின் குரல். வாருங்கள்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவன்